இருட்டில் கடலைப் பார்த்த மலை: வாசகர் கேள்வி–பதில்

சென்ற இதழில் என் பக்கத்தில் நான்கு படங்கள் வந்திருந்தன. மான் தீவின் தென்கோடியில், கிரெக்னீஷ் என்ற சிற்றூருக்கு மேலே உள்ள மல் குன்றின் உச்சியில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து ராடார் நிலையம் ஒன்று சிதைந்து கிடக்கிறது. என் பேத்தி டிரோனைப் பறக்கவிட, நான் பக்கத்தில் நின்று எங்கே போக வேண்டும் என்று சொல்ல, ஒரு சாயங்காலத்தில் எடுத்த படங்கள் அவை. படங்களுக்குக் கீழே நான்கு வரிதான் எழுதியிருந்தேன். அந்த நான்கு வரிக்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதப் பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் தூத்துக்குடிக்காரன். சரக்குக் கப்பல்களில் இருபது வருஷத்துக்கு மேல் ரேடியோ ஆபீசராக இருந்தேன். மகள் மான் தீவில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். வருஷத்தில் இரண்டு, மூன்று மாதம் அங்கே இருப்பேன்.

அது என்ன இடம்? கடற்கரையை விட்டுவிட்டு ராடாரைக் குன்றின் மேல் கொண்டுபோய் வைத்தது ஏன்?
(ஒரு கல்லூரி மாணவி, திருச்சி)

மான் தீவு இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே ஐரிஷ் கடலில் இருக்கிறது. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் கீழ் இருந்தாலும் பிரிட்டனின் பகுதி அல்ல; டின்வால்ட் என்ற சொந்தப் பாராளுமன்றம் உண்டு. தீவின் நீளம் 50 கிலோமீட்டர் சொச்சம். வானம் தெளிவாக இருந்தால் மல் குன்றிலிருந்து மேற்கே அயர்லாந்தின் மோர்ன் மலைகள் தெரியும்.

ராடாரைப் பிரிட்டன் தேடத் தொடங்கியது 1935 பிப்ரவரி 26 அன்று. டாவென்ட்ரி என்ற ஊருக்குப் பக்கத்தில், பிபிசியின் சிற்றலை ஒலிபரப்பு ஒரு ஹேஃபோர்ட் விமானத்தின் மேல் பட்டுத் திரும்புவதை ராபர்ட் வாட்சன்-வாட், அர்னால்ட் வில்கின்ஸ் இருவரும் பார்த்துக் காட்டினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் ‘செயின் ஹோம்’ என்ற ராடார் வரிசை. அது 10 முதல் 15 மீட்டர் அலைநீளத்தில் வேலை செய்தது. அவ்வளவு நீளமான அலைக்கு உயரமான கோபுரம் வேண்டும். கிழக்குக் கரையில் 360 அடி உயரத்துக்கு இரும்புக் கோபுரங்களை நட்டார்கள். மான் தீவிலும் பிரைட், ஸ்கார்லெட், டால்பி என்று மூன்று இடங்களில் செயின் ஹோம் நிலையங்கள் இருந்தன.

ஆனால் அந்த வரிசைக்கு ஒரு பெரிய குறை இருந்தது. தாழப் பறந்து வரும் விமானம் அதன் கண்ணில் படாது. கடலை ஒட்டியே பறந்து வந்து கண்ணிவெடிகளைப் போட்டுவிட்டுப் போகும் விமானங்கள் இதனால் தப்பித்துவந்தன. அந்த ஓட்டையை அடைக்கத்தான் ‘செயின் ஹோம் லோ’ வந்தது. அதன் அலைநீளம் ஒன்றரை மீட்டர். ஆன்டெனாவும் சிறியது, கயிற்றுக் கட்டிலை நிமிர்த்தி நிறுத்தியது மாதிரி ஒரு சட்டம், அதை அப்படியே சுற்றலாம். அதற்கு நெடிய கோபுரம் தேவையில்லை. கடலைப் பார்த்த உயரமான இடம் கிடைத்தால் போதும். மல் குன்றில் இருந்தது இந்த வகை. இங்கே குன்றுதான் கோபுரம்.

மாலுமிகள் போடும் ஒரு கணக்கைச் சொல்கிறேன், நீங்களே போட்டுப் பாருங்கள். நிற்கும் உயரத்தை மீட்டரில் எடுத்து, வர்க்கமூலம் கண்டு, 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 4 மீட்டர் உயரத்தில் நின்றால் 7 கிலோமீட்டர். 150 மீட்டர் உயரத்தில் நின்றால் கிட்டத்தட்ட 44. ராடார் அலை காற்றில் சற்று வளைந்து போவதால் அதற்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். 50 என்று வைத்துக்கொள்ளலாம். வரும் விமானமும் கொஞ்சம் உயரத்தில்தானே பறக்கும்? அந்தத் தூரமும் இதோடு சேரும். பேத்திக்கு இந்தக் கணக்கைக் குன்றின் மேல் நின்றே போட்டுக் காட்டினேன். அதற்கப்புறம் அவள் அந்தக் கடலைப் பார்த்த விதமே வேறு.

கால்நடையாகப் போய்ப் பார்த்தால் தெரியாத எதை டிரோன் காட்டிவிட்டது? படங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் அதற்கு மேல் என்ன பயன்?
(மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற ஒரு வாசகர், சிவகாசி)

இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மூன்று வருஷமாக நான் அந்தக் குன்றுக்கு நடந்து போய் வந்துகொண்டிருக்கிறேன். நடந்து போனால் தெரிவது இவ்வளவுதான்: சில கான்கிரீட் கட்டடங்கள், கதவில்லாத வாசல், உள்ளே ஆட்டுப் புழுக்கை, மழைத் தண்ணீர், சுவரில் யாரோ கிறுக்கிய பெயர்கள். சுற்றிலும் ஹெதர் புதரும் முள்ளும். ஒரு கட்டடத்துக்கும் அடுத்ததுக்கும் என்ன உறவு என்றே புரியாது. ‘இது எதற்கு இங்கே, அது எதற்கு அவ்வளவு தள்ளி’ என்று யோசித்துக்கொண்டே இறங்கி வந்துவிடுவேன்.

டிரோன் 60 மீட்டர் உயரத்துக்குப் போனதும் பேத்தி திரையை என் பக்கம் திருப்பினாள். வெயில் சாய்ந்திருந்த நேரம். கப்பலில் ஒரு கருவி பழுதாகிவிட்டால் முதலில் அதன் சர்க்யூட் படத்தை விரித்து வைப்போம். பெட்டியைத் திறந்து பார்த்தால் ஒயர் மூட்டையாகத் தெரிவது, படத்தில் பார்த்தால் ஒழுங்காகப் புரிந்துவிடும். அன்றைக்கு எனக்கு அதேதான் நடந்தது. மூன்று வருஷமாக ஒயர் மூட்டையாக இருந்த இடம், திரையில் சர்க்யூட் படமாக விரிந்தது.

முதலில் கண்ணில் பட்டது ஒரு நேர்கோடு. தரையில் நடக்கும்போது அது வெறும் பள்ளம், கால் இடறும், அவ்வளவுதான். மேலிருந்து பார்த்தால் ஒரு கான்கிரீட் மேடையிலிருந்து புறப்பட்டு, வளையாமல் நெளியாமல், ஜன்னலே இல்லாத ஒரு கட்டடத்தின் சுவரில் போய் முட்டுகிறது. அந்தக் கோட்டில் மட்டும் புல்லின் நிறம் வேறாக இருந்தது. மண்ணைத் தோண்டி, எதையோ புதைத்து, மூடிய இடத்தில் புல் அப்படித்தான் வேறு மாதிரி வளரும். 80 வருஷம் ஆனாலும் மண் அதை மறப்பதில்லை. நீங்கள் மின்வாரியத்தில் இருந்தவர், கேபிள் பள்ளம் என்று நான் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆன்டெனா அங்கே, கருவி அறை இங்கே. இரண்டையும் கட்டிய நரம்பு இது என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

அடுத்து, கட்டடங்களின் இடைவெளி. ஒன்றை ஒட்டி ஒன்று கட்டியிருந்தால் செலவு மிச்சம், மழையில் நனையாமல் போய் வரலாம். ஆனால் தள்ளித் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். போர்க் கால நிலையங்களில் இது வழக்கம். ஒரு குண்டு விழுந்தால் எல்லாம் சேர்ந்து போய்விடக் கூடாது. மின்சாரம் தரும் எஞ்சினுக்குத் தனிக் கட்டடம் என்பதும் வழக்கம்தான்.

மூன்றாவதாகப் பார்த்ததுதான் என் மனதை விட்டுப் போகவில்லை. சாய்ந்த வெயிலில் சின்ன மேடு பள்ளம்கூட நீளமாக நிழல் விடும். அந்த நிழலில், கட்டடத்திலிருந்து கட்டடத்துக்குக் குறுக்காக ஒரு தடம் தெரிந்தது. தளம் போட்ட பாதை அது இல்லை. போட்ட பாதை சுற்றிக்கொண்டு போகிறது. இது நேராகக் குறுக்கே போகிறது. எந்த அலுவலகத்திலும் பார்க்கலாம், தோட்டக்காரர் கட்டிய பாதையை விட்டுவிட்டுப் புல்லில் ஒரு ஒற்றையடித் தடம் விழுந்திருக்கும். இன்றைக்கு அதில் ஆடுகளும் நடக்கின்றன, அதனால் முழுக்க மனிதக் கால்கள் போட்டது என்று சாதிக்க மாட்டேன். ஆனால் காற்றும் மழையும் அடிக்கும் நடு இரவில், விளக்கு வைக்கவும் அனுமதி இல்லாத இருட்டில், வேலை மாற வந்தவர்கள் சுற்று வழியில் போயிருக்க மாட்டார்கள். அந்தப் படத்தைத்தான் சென்ற இதழில் பெரிதாகப் போடச் சொன்னேன்.

ஒரு விஷயம்: நடுப்பகலில் எடுத்திருந்தால் இதில் பாதி தெரிந்திருக்காது. மறுநாள் உச்சி வெயிலில் அதே உயரத்திலிருந்து மறுபடி எடுத்தோம். தரை தட்டையாக, எழுத்தழிந்த பலகை மாதிரி இருந்தது.

டிரோன் ஓட்டுவதில் சிக்கல் ஏதாவது வந்ததா? நானும் புதிதாக வாங்கியிருக்கிறேன்.
(ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

வந்தது. பறக்கவிடச் சமமான இடம் தேடி, உடைந்த கான்கிரீட் தளத்தின் மேலேயே டிரோனை வைத்தோம். கிளம்பி மூன்று மீட்டர் உயரம் போனதும், நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காமல் வட்டம் போடத் தொடங்கியது. வட்டம் பெரிதாகிக்கொண்டே போனது. பேத்தி பதறாமல் மெதுவாகப் புல்லில் இறக்கிவிட்டாள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் டிரோனின் திசைகாட்டியைக் குழப்பிவிட்டன. இரும்பு உடம்பில் திசைகாட்டி எப்படித் தடுமாறும் என்று கப்பலில் வாழ்ந்தவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். அப்புறம் இருபது அடி தள்ளிப் புல் தரையில், மரப் பலகை ஒன்றைப் போட்டுக் கிளப்பினோம். ஒரு தொந்தரவும் இல்லை.

காற்றையும் சொல்ல வேண்டும். கடலிலிருந்து வரும் காற்று குன்றின் மேல் ஏறும்போது வேகம் பிடிக்கும். உச்சியைத் தாண்டியதும் மறுபக்கம் சுழலும். அடிவாரத்தில் இலை அசையவில்லையே என்று நம்பி ஏறக் கூடாது. அரை மணி நேரம் தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்த பேட்டரி எங்களுக்குப் பதினெட்டு நிமிடம்தான் வந்தது. காற்றை எதிர்த்துப் போய்விட்டு, காற்றோடு திரும்பி வரும்படி பாதையைப் போட்டுக்கொள்ளுங்கள். மாற்றிச் செய்தால் திரும்பி வரச் சார்ஜ் இருக்காது.

அனுமதி வாங்கினீர்களா?
(ஒரு வாசகர், வேலூர்)

வாங்கினோம். ரொனால்ட்ஸ்வே விமான நிலையம் கிழக்கே பத்து கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு, நேரம் சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகே பறந்தோம். டிரோன் கண் பார்வையை விட்டுப் போகவில்லை. சிவந்த அலகுள்ள கருங்காக்கை மாதிரி ஒரு பறவை அந்தப் பக்கத்துப் பாறைகளில் உண்டு, சஃப் என்பார்கள். அவை இரண்டு மூன்று சேர்ந்து வந்தபோது டிரோனை இறக்கிவிட்டு, அவை போகும் வரை காத்திருந்தோம். அது அவற்றின் இடம்.

அங்கே வேலை பார்த்தவர்கள் யார்? பெண்களும் இருந்தார்கள் என்று எங்கோ படித்தேன், உண்மையா?
(ஒரு பள்ளி ஆசிரியை, தஞ்சாவூர்)

உண்மை. பிரிட்டனின் ராடார் நிலையங்களில் திரையைப் பார்த்த கண்களில் பெரும்பகுதி பெண்களுடையது. விமானப்படையின் பெண்கள் துணைப்படையில் சேர்ந்தவர்கள். நிறையப் பேருக்கு இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். ‘ராடார்’ என்ற சொல்கூட அப்போது அவர்களுக்குக் கிடையாது. அது அமெரிக்கர்கள் வைத்த பெயர். பிரிட்டன் 1943-இல்தான் எடுத்துக்கொண்டது. அதுவரை ‘ஆர்.டி.எஃப்.’ என்றுதான் சொன்னார்கள், அதையும் வெளியே சொல்லக் கூடாது. என்ன வேலை பார்க்கிறோம் என்று பெற்றோருக்குக்கூடச் சொல்லாமல் இருந்தார்கள்.

வேலை என்னவென்றால், இருட்டறையில் வட்டமான சின்னத் திரை. அதில் இடமிருந்து வலமாக ஒரு கோடு ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஆன்டெனா அனுப்பும் ரேடியோத் துடிப்பு எதிலாவது பட்டுத் திரும்பினால் கோட்டில் பல் முளைத்த மாதிரி ஒரு முனை எழும். துடிப்பு போய்த் திரும்ப ஆகும் நேரம்தான் தூரம். ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்றால் 150 மீட்டர். விமானம் 60 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் அப்படி 400 பங்கு. இந்த வகை நிலையங்களில் ஆரம்பத்தில் ஆன்டெனாவைத் திருப்ப மோட்டார் கிடையாது. சைக்கிள் மாதிரி பெடல் மிதித்துத்தான் சுற்றினார்கள். ஒருவர் மிதிக்க, ஒருவர் திரையைப் பார்க்க, ஒருவர் தொலைபேசியில் எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதில் கஷ்டம் எங்கே என்று நான் அறிவேன். என் காலத்து ராடார் எவ்வளவோ தெளிவானது. அதிலேயே கொந்தளிப்பான கடலில் அலை உச்சிகள் எல்லாம் எதிரொலி தந்து திரை முழுக்கப் பொரி பொரியாக நிறையும். அந்தப் பொரியில் ஒரு மீன்பிடிப் படகைக் கண்டுபிடிப்பதற்குள் கண் எரியும். இவர்கள் அதைவிட எத்தனையோ மங்கலான கருவியில், தாழப் பறக்கும் விமானத்தைத் தேடியிருக்கிறார்கள்.

ஒருவரைப் பெயர் சொல்லியே நினைவுகூர வேண்டும். 1940 ஆகஸ்ட் 18 அன்று தென் இங்கிலாந்தில் போலிங் ராடார் நிலையத்தின் மேல் ஜெர்மன் விமானங்கள் குண்டு பொழிந்தன. ஜோன் ஏவிஸ் ஹெர்ன் என்ற பெண் கார்ப்பொரல் தொலைபேசியை வைக்காமல், சுற்றிலும் குண்டு விழ விழத் தகவலைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அதற்காக அவருக்கு ராணுவப் பதக்கம் கொடுத்தார்கள். மல் குன்றில் இரவுகளைக் கழித்தவர்களின் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. சுவரில் இருப்பதெல்லாம் பின்னால் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் பெயர்.

உங்கள் இரண்டாவது படத்தின் ஓரத்தில் கற்கள் வட்டமாகத் தெரிகின்றனவே, அதுவும் ராடாருக்காக வைத்ததா?
(ஒரு வாசகி, நாகர்கோவில்)

கூர்மையான கண் உங்களுக்கு. அது ராடாரைவிட ஐயாயிரம் வருஷம் மூத்தது. புதிய கற்கால மக்கள் தங்கள் இறந்தவர்களை வைத்த இடம். 12 கல்லறைகளை ஆறு ஜோடிகளாக ஒரு வளையத்தில் அடுக்கி, ஒவ்வொரு ஜோடிக்கும் வெளியிலிருந்து ஒரு வழி விட்டிருக்கிறார்கள். 1893-இல் அதை அகழ்ந்து பார்த்தார்கள். ராடார் நிலையம் கட்ட வந்தவர்கள் அந்த வளையத்தைத் தொடாமல் விட்டார்கள் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

சரிவில் இறங்கினால் கிரெக்னீஷ். கூரை வீடுகள். கடற்காற்று பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்கக் கூரையின் மேல் கயிற்றை வலை மாதிரி போட்டு, சுவரில் துருத்தும் கல் முளைகளில் கட்டியிருப்பார்கள். 1938-லிருந்து அந்த ஊரில் சில வீடுகளை அப்படியே அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். நான்கு கொம்புள்ள பழுப்பு ஆடுகளும் அங்கே உண்டு. அந்த வீடுகளில் எண்ணெய் விளக்கின் வாசம் போவதற்கு முன்பே தலைக்கு மேல் ராடார் வந்துவிட்டது. டிரோன் ஒரே சட்டத்துக்குள் இந்த மூன்றையும் காட்டியபோது பேத்தி “தாத்தா, இதில் எது பழசு?” என்று கேட்டாள். வளையத்தைக் காட்டினேன். “அதுதான் நல்லா இருக்கு” என்றாள். அவள் சொன்னது சரி. ஐயாயிரம் வருஷக் கல் உறுதியாக நிற்கிறது. எண்பது வருஷக் கான்கிரீட் கம்பி துருத்தி, பிளந்து, உதிர்கிறது. துருப்பிடித்த கம்பி உப்பும்போது கான்கிரீட்டை உள்ளேயிருந்து பிளக்கும். கடற்காற்றில் அது இன்னும் வேகம்.

இலங்கையிலும் போர்க் காலத்தில் ராடார் இருந்ததா? என் அப்பா 1942 குண்டு வீச்சைப் பற்றி நிறையச் சொல்லுவார்.
(ஒரு வாசகர், திருகோணமலை)

இருந்தது ஐயா. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஜப்பானியக் கப்பற்படை வருவதை முந்தின நாளே லெனர்ட் பிர்சால் என்ற கனடா விமானியின் கடல் விமானம் கண்டு செய்தி அனுப்பிவிட்டது. ஆனாலும் விமானங்கள் நகரத்துக்கு மேல் வரும் வரை ரத்மலானையில் தரையில் நின்ற பிரிட்டிஷ் ஹரிக்கேன் போர் விமானங்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நான்கு நாள் கழித்து, ஏப்ரல் 9 அன்று உங்கள் ஊர். அங்கே ராடார் விமானங்களைத் தூரத்திலேயே பிடித்துவிட்டது. ஹரிக்கேன்கள் குண்டு விழுவதற்கு முன்பே மேலே ஏறிவிட்டன. சைனா பே விமானத்தளமும் துறைமுகமும் அடி வாங்கின. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கியது. ஆனால் எதிர்த்து நிற்க அவகாசம் கிடைத்தது.

எனக்கும் உங்கள் ஊருக்கும் சின்ன உறவு உண்டு. எங்கள் கப்பல் ஒருமுறை அந்தத் துறைமுகத்தில் நான்கு நாள் நின்றது. காட்டுக்குள் வரிசையாக நிற்கும் பழைய எண்ணெய்த் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உங்கள் அப்பா சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நாள், இடம், எங்கே ஒளிந்தார்கள், என்ன சாப்பிட்டார்கள், எல்லாம்.

வெள்ளைக்காரன் போரில் உடைந்த சுவர்களுக்காக நாம் ஏன் இவ்வளவு உருக வேண்டும்?
(ஒரு வாசகர், சென்னை)

கோபமாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் நானும் மனசில் இருப்பதைச் சொல்கிறேன்.

அந்தக் குன்றிலிருந்து வடக்கே பார்த்தால் போர்ட் எரின் என்ற அழகான சின்ன விரிகுடா. கரையில் வரிசையாகத் தங்கும் விடுதிகள். 1940 மே மாதம் அந்த ஊரையே சுற்றி முள்வேலி போட்டு, ஜெர்மன், ஆஸ்திரியப் பெண்களையும் குழந்தைகளையும் அடைத்தார்கள். பக்கத்து ஊரான போர்ட் செயின்ட் மேரியும் அதில் சேர்த்தி. ஏறக்குறைய நாலாயிரம் பேர். அதில் நிறையப் பேர் யூதர்கள். ஹிட்லருக்குப் பயந்து உயிர் தப்பி ஓடி வந்தவர்கள். வந்த இடத்தில் ‘எதிரி நாட்டவர்’ என்று அடைத்துவைத்தார்கள். மேலே ஹிட்லரின் விமானங்களைத் தேடிக்கொண்டிருந்த இளம்பெண்கள். கீழே ஹிட்லரிடமிருந்து தப்பியும் வேலிக்குள் இருந்த பெண்கள். டிரோனை வடக்குப் பக்கம் திருப்பினால் இரண்டும் ஒரே படத்தில் வருகின்றன. பெருமையோடு வெட்கமும் அந்தப் படத்தில் இருக்கிறது. அதை வெட்டிவிட்டு ராடாரை மட்டும் காட்ட எனக்கு மனமில்லை.

இன்னொன்றும் உண்டு, அது நம்மோடு சேர்ந்தது. அந்த ராடார் பார்த்துக்கொண்டிருந்த கடல் லிவர்பூலுக்குப் போகும் கடல். உணவும் எண்ணெயும் ஏற்றி வந்த சரக்குக் கப்பல் கூட்டங்கள் அந்த வழியாகத்தான் போய் வந்தன. 1941 மே முதல் வாரத்தில் லிவர்பூல் ஏழு இரவு தொடர்ந்து எரிந்தது. அந்தப் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களின் அடித்தளத்தில், கொதிக்கும் எஞ்சின் அறையில், கரி அள்ளிப் போட்டவர்கள் யார்? பல்லாயிரம் இந்திய மாலுமிகள். ‘லாஸ்கர்’ என்று அவர்களை ஒரே சொல்லில் அழைத்து, வெள்ளைக்கார மாலுமியைவிடக் குறைந்த கூலி கொடுத்தார்கள். டார்பிடோ பட்டால் எஞ்சின் அறைக்காரன்தான் முதலில் போவான். ஆயிரக்கணக்கானோர் அப்படிப் போனார்கள். 1940 செப்டம்பர் 13 அன்று லிவர்பூலிலிருந்து கிளம்பி, நான்கு நாளில் அட்லாண்டிக்கில் மூழ்கடிக்கப்பட்ட ‘சிட்டி ஆஃப் பெனாரஸ்’ கப்பலோடு போன, குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகளை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதே கப்பலில் இறந்த இந்திய மாலுமிகளை எத்தனை பேர் நினைக்கிறோம்?

நான் கப்பல்காரன். எந்தக் கொடியின் கீழ் ஓடினாலும், இருட்டில் வரும் கப்பலை யாரோ ஒருவர் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது எங்களுக்குப் பெரிய ஆறுதல். மல் குன்றில் ராடார் திரையில் ஒளிர்ந்த அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு, அந்தக் கடலில் போகும் கப்பலின் அடித்தட்டில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருக்காது. அவர்களுக்கும் அவளைத் தெரியாது. ஆனாலும் அவள் அவர்களுக்காகவும்தான் விழித்திருந்தாள். அந்தச் சுவர்களுக்காக நான் உருகுவதற்கு எனக்கு இது போதும்.

நான் பழைய பொருள்கள் சேகரிப்பவன். அடுத்த முறை போகும்போது அந்த ராடார் நிலையத்திலிருந்து எனக்கு ஒரு கான்கிரீட் துண்டு, முடிந்தால் ஒரு போல்ட் கொண்டுவர முடியுமா? செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.
(ஒரு வாசகர், காரைக்குடி)

முடியாது தம்பி, தப்பாக நினைக்காதீர்கள். அந்த மேடையில் எஞ்சியிருக்கும் போல்ட்டுகள் எங்கே நிற்கின்றன என்பதை வைத்துத்தான் ஆன்டெனாவின் கால் எங்கே இருந்தது என்று நாங்கள் ஊகித்தோம். ஒன்றைப் பிடுங்கினால் அடுத்து வருபவருக்கு அந்தக் கணக்கு வராது. உங்கள் அலமாரியில் அது வெறும் துருப்பிடித்த இரும்பு. அங்கே இருந்தால் அது ஒரு எழுத்து.

அதற்குப் பதிலாக ஒன்று செய்கிறேன். வரும் செப்டம்பரில் மறுபடி போகிறோம். இந்த முறை ஒன்றன்மேல் ஒன்று முக்கால் பங்கு விழும்படி வரிசை வரிசையாகப் படம் எடுத்து, அத்தனையையும் கணினியில் ஒட்டி, முழு இடத்துக்கும் அளவோடு ஒரு வரைபடம் செய்யப்போகிறாள் பேத்தி. அளவு சரிதானா என்று பார்க்க நான் கீழே டேப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அதில் ஒரு பிரதியைப் பெரிதாக அச்சுப் போட்டு உங்களுக்கு அனுப்புகிறேன். உங்கள் முகவரியைப் பத்திரிகை அலுவலகத்துக்கு எழுதுங்கள். செலவு என்னுடையது.